மருமகள் மேசைக்கு வந்த மனு

"நீ ஆபீஸுல என்ன பாக்குதன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் எங்கிட்டச் சொல்லாண்டாம். சரியா மோளே?"

"ஊர்க்காரங்க யாராவது வந்து கேட்டா என்ன சொல்லணும் மாமா?"

"எங்க மாமனாருக்குக் காது கேக்காதுன்னு சொல்லு."

"உங்களுக்கு நல்லாக் கேக்குமே!"

"அது வீட்டுக்குள்ள. வெளியில நான் செவிடனாக்கும்."

துறைமுக உபகோட்ட அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளராக ரெஜிலாவுக்கு மாற்றல் வந்த அன்று, மாமனார் ஏசுஅடிமை சொன்னது இது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் பாதிப்பேருடைய வள்ளமும் விசைப்படகும் அந்தத் துறைமுகத்தில்தான் கிடக்கின்றன. மருமகள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் தன் வாசலில் கூட்டம் கூடும் என்று அவருக்குத் தெரியும். சொன்னபடியே செவிடராகவும் இருந்தார். யாராவது வந்து, "மருமொவகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தால், "லேய், ஒண்ணும் விளங்கல்ல, சத்தமாச் சொல்லு" என்பார். வந்தவர் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வெட்கப்பட்டு, சாயா மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவருடைய மனு ஒரு திங்கட்கிழமை காலையில் ரெஜிலாவின் மேசைக்கு வந்தது.

கொண்டு வந்து வைத்தவள் தட்டச்சர் ஷிஜி. "அக்கா, இது உங்க வீட்டு விலாசம்லா?" என்றாள். ரெஜிலா வாங்கிப் பார்த்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, கோணாமல் ஒட்டியிருந்தது. "என் மகன் ரிஜோவும் அவனோடு போன எபினும் இறந்துபோன படகு விபத்து பற்றி உங்கள் துறை நடத்திய விசாரணையின் அறிக்கை நகல் வேண்டும்." பெறுநர், பொதுத் தகவல் அலுவலர். அந்த அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் என்றால் ரெஜிலாதான்.

அன்று காலை அவருக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் எடுத்துவைத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள். குழம்பில் புளி கூடிப்போச்சு என்று சொன்னாரே தவிர, மனுவைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை. வீட்டில் கேட்பது வேறு, சர்க்காரிடம் கேட்பது வேறு என்று மனிதர் பிரித்து வைத்திருந்தார். அந்தப் பிரிவை நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

ரிஜோ அவளுடைய கணவன் அஜினின் தம்பி. மூன்று வருடத்துக்கு முன், துறைமுக முகத்துவாரத்தில், விடியும் முன்னே, அலைத்தடுப்புக் கல்லில் படகு மோதி அவனும் எபினும் போய்விட்டார்கள். எபினை அன்றே எடுத்தார்கள். ரிஜோவைக் கடல் நெடுநாள் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பித் தந்தது. அந்த உடலைப் பார்த்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஊர் சொல்லிவிட்டது. முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் ரிஜோ ஆடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆடினவன் குடித்திருப்பான், குடித்தவன் கல்லில் கொண்டு ஏற்றினான், கூடப்போன பயலையும் கொன்றான். இதுதான் ஊரின் தீர்ப்பு. அன்றிலிருந்து எபினின் அம்மா மாதா கோயிலில் ஏசுஅடிமை உட்காரும் பக்கம் திரும்புவதில்லை. அவரும் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார்.

ரெஜிலா மனுவை எடுத்துக்கொண்டு நேரே செயற்பொறியாளர் முருகதாஸின் அறைக்குப் போனாள்.

"சார், இது எங்க மாமனார் போட்ட மனு. நான் பதில் எழுதினா சரியா இருக்காது. வேற யாரிடமாவது கொடுத்திடுங்க."

"வேற யாருக்கும்மா கொடுக்க? இருக்கிற போஸ்டுல பாதி காலி. நீதான் எழுதணும்." அவர் மனுவைப் படித்தார். முகம் மெல்லத் தளர்ந்தது. "நல்லதாப் போச்சு. வெளியாள்னா அப்பீல், கமிஷன்னு அலைக்கழிப்பான். உங்க மாமாதானே! ரகசிய அறிக்கை, தர இயலாதுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு. வீட்டுல பக்குவமாச் சொல்லிச் சமாளிச்சிடு."

"அறிக்கையில என்ன இருக்குன்னு பாக்காம எப்படி சார் தர முடியாதுன்னு எழுத?"

"பாரு. பாத்துட்டு அதையே எழுது."

அவள் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை தோன்றியது.

முகத்துவார விளக்கு விபத்துக்கு வெகுநாள் முன்பே அணைந்து போயிருந்தது. மணல் அள்ளும் வேலையைத் தள்ளிப்போட்டதில் படகு வரும் வழியும் குறுகியிருந்தது. இவை விசாரணைக் குழு கண்ட முடிவுகள். ரிஜோ குடித்திருந்தானா என்பதைப் பற்றிக் குழு தன் முடிவில் வாயே திறக்கவில்லை. ஆனால் பின்னால், ரகசியம் என்று சீல் வைத்த உறைக்குள் ஒரு வாக்குமூலம் இருந்தது. துறைமுகத்தில் தினக்கூலிக்கு விளக்கு பார்க்கும் சத்தியநேசன் சொன்னது. பெயர் வெளியே வராது என்று குழு வாக்குக் கொடுத்த பிறகே அவர் பேசியிருந்தார்.

"விளக்கு எரியல்லன்னு நான் பலதடவ வாயால சொன்னேன். எரியுதுன்னே எழுதுன்னு ஆபீஸுல சொன்னாங்க. அன்னைக்குப் படகு மெல்லத்தான் வந்தது. ரிஜோ டார்ச்ச ஆட்டி, அண்ணாச்சி லைட்டப் போடுங்கன்னு கூப்பிட்டான். குரலு தெளிவா இருந்தது. கர்த்தர் சாட்சி, அவன் குடிச்சிருக்கல்ல."

ரெஜிலா கோப்பை மூடினாள். திரும்பத் திறந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். ரிஜோ அண்ணியிடம் ஒன்று கேட்கும்போதும் அப்படித்தான் கேட்பான், கெஞ்சலும் அதட்டலுமாக. "அண்ணி, அந்த ஃபேனப் போடுங்க." அன்று முழுக்க அவளுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனால் அதைவிட மோசம். ஏசுஅடிமை எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாமி கிளாரா மீன் துண்டை அவர் தட்டில் வைக்கிறாள், அவர் அதை எடுத்து ரெஜிலாவின் தட்டில் வைக்கிறார். இவர் மூன்று வருடமாகத் தலை குனிந்து சுமக்கிற ஒன்றை இறக்கி வைக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவள் தொண்டையில் இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

"என்ன மோளே, மீனுல முள்ளா?"

"இல்ல மாமா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார் என்பதுதான் அவளை வாட்டியது.

அஜின் கேட்டான். போட் இன்ஜின் பழுதுபார்க்கிற பட்டறைக்குப் போகும் வழியில் காலையில் அவளை பஸ் ஏற்றிவிடுவது அவன் வழக்கம். பைக்கை பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே, தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினான்.

"என்னட்டி, கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்க? ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்க. கட்டிலுக்க கால் ஒடிஞ்சா நான்தான் சரியாக்கணும்."

"ஒண்ணுமில்ல."

"அப்பா போட்ட மனு வந்துட்டா?"

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

"வாசிச்சியா?"

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"எந்தம்பிட்டி அவன்."

"தெரியும்."

"நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா இரணியல்ல இருந்துகிட்டு, கடப்புறத்துக்குப் பொண்ணு தரமாட்டேன்னு நின்னப்போ, உனக்க லெட்டரக் கொண்டுவந்து தந்தவன் அவனாக்கும். எங்கிட்டக் கூடச் சொல்ல மாட்டியா?"

"உங்ககிட்டச் சொன்னா மாமாகிட்டச் சொல்லாம இருப்பியளா?"

அஜின் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதற்காகவே அவள் அவனைக் கட்டினாள். "இருக்க மாட்டேன்" என்றான்.

"அதான்."

அவன் கோபமாக பைக்கை உதைத்தான். ஆனாலும் பஸ் வந்து, அவள் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்காரும்வரை போகாமல் நின்றான். பஸ் நகர்ந்தபோது கை காட்டவில்லை. அவ்வளவுதான் அவனுடைய கோபம்.

அலுவலகப் படியில் அவளை மடக்கியவர் சத்தியநேசன். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தவர், சுற்றிலும் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அருகில் வந்தார். சட்டைப்பையில் மடித்த தொப்பியும், முகத்தில் தூக்கமில்லாத வீக்கமும்.

"அம்மா, தகவல் சட்டத்துல மனு வந்திருக்குன்னு கேட்டேன். எனக்க பேரு வெளிய வருமோ?"

"வராது அண்ணாச்சி."

"வந்தா அவ்வளவுதான் பாத்துக்கிடுங்க. நமக்கு வருசா வருசம் முருகதாஸ் சார்தான் வேலை ஆர்டர் புதுக்கணும். எம் மொவ பிளஸ்ஸி நர்சிங் படிச்சு முடிக்கதுவரையாவது..." சட்டைப்பையிலிருந்த தொப்பியை எடுத்து மறுபடி மடித்தார். பிறகு, "எபினுக்க அம்மைய சந்தையில பாத்தா நான் ஒதுங்கி நடப்பேன். போய் நாமளே சொல்லிடுவோமான்னு தோணும். தைரியம் வரல்ல. கர்த்தர் மன்னிக்கணும்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரெஜிலா.

பார்த்துக்கொள்ள வழி சட்டத்திலேயே இருந்தது. தரக்கூடாததை மறைத்துவிட்டு, தரக்கூடியதைத் தரலாம். அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கருப்பு மார்க்கரோடு உட்கார்ந்தாள். சத்தியநேசன் என்ற பெயர் வந்த இடமெல்லாம் மை பூசினாள். வேலை, சம்பளம், ஊர், அப்பா பெயர், எல்லாவற்றின் மேலும் பூசினாள். வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாக்குமூலம் மட்டும் அப்படியே இருந்தது. மாமாவுக்கு வேண்டியது அவருக்குக் கிடைக்கும், அண்ணாச்சியும் பிழைப்பார். பல நாளுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. ஷிஜியை உள்ளே கூப்பிட்டு, "மை நல்லாப் பிடிச்சிருக்கா பாரு. நகல் எடுத்தா தெரியுமா?" என்று நீட்டினாள்.

ஷிஜி மையைப் பார்க்கவில்லை. மையில்லாத இடத்தை வாசித்தாள். வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இது நம்ம சத்தியநேசன் அண்ணாச்சில்லா!"

ரெஜிலா கையிலிருந்த மார்க்கரை வைத்தாள். "எப்படிட்டி தெரியும்?"

"'கர்த்தர் சாட்சி'ன்னு இருக்கே அக்கா. எங்க கடப்புறத்துல யாரு கர்த்தர்ன்னு சொல்லுகா? நாங்க ஆண்டவர்ன்னு சொல்லுவோம், மாதாவேன்னு சொல்லுவோம். அந்த ஹார்பர் முழுக்க கர்த்தர்ன்னு சொல்லுகது அண்ணாச்சி ஒருத்தருதான். பயலுவ அவருக்குக் 'கர்த்தர் அண்ணாச்சி'ன்னு பேரே வச்சிருக்கானுவ!"

ரெஜிலா அந்த வரியை மறுபடியும் பார்த்தாள். அவள் இரணியல் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் சபைக்காரி. அப்பா காலையில் எழுந்ததும் சொல்லும் முதல் வார்த்தை கர்த்தர். பால்காரனிடம் பேசும்போதும் கர்த்தர் வருவார். அது ஒரு அடையாளம் என்று அவள் கண்ணுக்குப் படவே இல்லை. இந்தக் கத்தோலிக்கக் கடற்கரையில் வாக்கப்பட்டு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், மாதா கோயில் திருவிழாவில் தேர் பார்த்து, இத்தனை வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள். தன் வீட்டுச் சொல் இங்கே அன்னியச் சொல் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தால் போதுமா? இல்லை. படகைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார், 'அண்ணாச்சி, லைட்டப் போடுங்க' என்று யாரைக் கூப்பிட்டிருப்பான்? விளக்கைப் போடுகிற ஆள் அங்கே ஒருவர்தான். அதோடு இது மாமாவின் கையோடு நிற்கிற காகிதமும் இல்லை. கடல் காரியமாக ஊரில் யாருக்குச் சர்க்கார் கடுதாசி வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர் அதை மைக்கில் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். சத்தியநேசன் சொன்னது ஊர் முழுக்கக் கேட்கும். மறுநாள் காலையில் முருகதாஸ் சாருக்கும் கேட்கும்.

"ஷிஜி, நீ ஒண்ணும் வாசிக்கல்ல."

ஷிஜியின் சிரிப்பு நின்றது. "இல்ல அக்கா. நான் மைய மட்டும்தான் பாத்தேன். சத்தியமா."

ரெஜிலா வாக்குமூலத்தை முழுதாக எடுத்துவிட்டாள். எடுக்கும்போது, ரிஜோவின் குரலையே மறுபடி கடலில் தள்ளுவதுபோல் இருந்தது. குழுவின் முடிவுகளை மட்டும் இணைத்தாள். விளக்கு எரியவில்லை. மணல் அள்ளவில்லை. இவ்வளவு இருந்தது. நம்பிக்கையின் பேரில் தரப்பட்ட வாக்குமூலம் நிறுத்தி வைக்கப்படுகிறது, மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்றும் எழுதினாள்.

முருகதாஸ் கத்தினார். "விளக்கு எரியலைங்கிறதைக் கொடுக்கப் போறியா? உன் வீட்டு மனுன்னு நீ சலுகை காட்டினதா மேலிடத்துக்கு நானே எழுதுவேன். மெமோ வரும்."

"எழுதுங்க சார். ஊர்ல யாரு கேட்டாலும் இதத்தான் கொடுப்பேன். எங்க மாமா கேட்டதால கூடவும் கொடுக்கல்ல." கோப்பை அவர் மேசையில் வைத்தாள். "குறைச்சுத்தான் கொடுத்திருக்கேன்" என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கடுதாசி ஸ்பீடு போஸ்டில் போனது. தபால்காரர் யேசுரத்தினம் அதைக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை. ரெஜிலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாமே, நல்ல கூத்து! அனுப்பினதும் நீ, வீட்டுல நிக்கதும் நீ. பையில போட்டுக் கொண்டு வந்திருந்தா கவர்மெண்டுக்கு ஸ்டாம்பு மிச்சம்லா?"

"மாமா பேருக்கு வந்தது. அவியகிட்டயே குடுங்க."

ஏசுஅடிமை கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். உறையைக் கிழிக்காமல், ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தார். முழுதும் வாசித்தார். 'நிறுத்தி வைக்கப்படுகிறது' என்ற இடத்தில் விரல் நின்றது. கடைசியில் இருந்த மருமகளின் கையெழுத்தையும் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கிளாரா, சாயா போடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பூசைக்குப் பிறகு செயலாளர் மைக்கில் வாசித்தார். விளக்கு எரியவில்லை என்ற இடத்தில் கோயிலே இரைந்தது. "பாவிப்பயலுவ!" என்று ஆண்கள் பக்கமிருந்து சத்தம். பாதிப்பேர் ஏசுஅடிமையைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜிலா அஜினின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம், இதுவே போதும் என்று நினைத்தாள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் எபினின் அம்மா எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை. "லைட்டு இல்லாத துறைக்குப் புத்தியுள்ளவன் மெல்ல வருவான். குடிச்சவனுக்கு லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டா என்ன?" முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

மெல்லத்தான் வந்தான். ரெஜிலாவின் வாய்வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. மெல்லத்தான் வந்தான் அம்மா, டார்ச்ச ஆட்டி, லைட்டு கேட்டான். பல்லைக் கடித்தாள். பின்வரிசையில் ஷிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். அஜின் பட்டறைக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமையில் அங்கே வேலை ஒன்றும் இல்லை. கிளாரா ரிஜோவின் படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். ரெஜிலா அடுக்களையில் நெய்மீனை அரிவாள்மனையில் வெட்டினாள். வெட்டிய துண்டையே மறுபடி வெட்டினாள். கையைக் கழுவினாள். உப்பு எடுத்தாள், போட்டோமா என்று மறந்தாள். யார் சொன்னார் என்பது அண்ணாச்சிக்குச் சொந்தம். அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் ரிஜோ எப்படிச் செத்தான் என்பது யாருக்குச் சொந்தம்? அலுவலகத்துக்கா? அந்தக் கேள்வியை அவள் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே கோடு கிழிப்பது என்று தெரியவில்லை.

அடுக்களை வாசலில் நிழல் விழுந்தது.

ஏசுஅடிமை அடுக்களைக்குள் வருகிற பழக்கம் இல்லாதவர். வேட்டியை மடித்துக் கட்டியபடி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போட்ட சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"மாமா, சாயா வேணுமா?"

"வேண்டாம்."

"மாமா, அந்தப் பதிலுக்கு நீங்க அப்பீல் போடலாம். அதுல எழுதியிருக்கேன்."

"வாசிச்சேன்." அவர் உள்ளே வந்து, மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். பெரிய கைகள் முழங்கால்மேல் கிடந்தன. "நீ சரியாத்தான் செஞ்சிருப்ப. நம்பிச் சொன்னவன் எவனோ, அவனுக்கும் பிள்ளையள் இருக்கும்லா. அவன் பேரு எனக்கு வேண்டாம்."

அவள் நனைந்த கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒரு வாக்குக் குடுத்தேன் பாத்தியா, கேக்க மாட்டேன்னு. இத்தனை நாளும் கேக்கல்ல. ஒவ்வொரு நாளும் சோத்துக்கு முன்னால கேக்கணும்னு வரும், தண்ணியக் குடிச்சு உள்ள அமுக்குவேன். நீயும் சோறு இறங்காம இருக்கத பாத்துட்டுத்தான் இருக்கேன்." கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "மோளே, பேப்பரு வேண்டாம், பேரு வேண்டாம். யாரு சொன்னா, எவ்விடம் நின்னு கண்டான், ஒண்ணும் வேண்டாம். நீ அத முழுசா வாசிச்சவ. நாளைக்கு எபினுக்க அம்மை எதிர வந்தா, எம் மொவனுக்காக நான் தலையக் குனிஞ்சு நிக்கணுமா, நிமிந்து நிக்கலாமா? அத மட்டும் எனக்குச் சொல்லு."